நின்ற படகுக்கு ஓடும் கப்பலின் பெயின்ட்: சாங்கியில் ஓர் அடிப்பூச்சு தோற்ற கதை

கிரேன் வாரில் தொங்கியபடி படகு தண்ணீரை விட்டு மேலே வந்ததும் முதலில் வந்தது நாற்றம்தான். அழுகிய சிப்பியும் சேறும் கலந்த நாற்றம். அப்புறம்தான் அடிப்பகுதி கண்ணில் பட்டது. நீலம் அடித்த இடத்தில் நீலத்தைத் தேட வேண்டியிருந்தது. சுக்கானின் பின்விளிம்பில் பச்சை ஆளி கொத்துக் கொத்தாகத் தொங்கியது. பக்கவாட்டில் உள்ளங்கை வைக்க இடமில்லாமல் கொட்டலசு, பாறையில் ஒட்டி வளருமே, அந்த ஓட்டுயிர்.

"ஒன்பது மாசந்தானே அத்தான் ஆச்சு? ரெண்டு வருஷம் தாங்கும்னீங்களே" என்றான் மச்சினன். நான் வாயைத் திறக்கவில்லை. கடலுயிர்கள் ஒட்டாமலிருக்கப் படகின் அடியில் பூசும் அந்த மருந்துப் பெயின்ட்டைத் தேர்ந்தெடுத்தவன் நான்.

1999-இலிருந்து சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் கப்பல் பட்டறைகளில் பெயின்ட் இன்ஸ்பெக்டர் வேலை எனக்கு. முந்நூறு மீட்டர் கப்பலின் அடிப்பூச்சுக்குக் கையெழுத்துப் போடுகிறவன், முப்பத்து நான்கு அடிப் பாய்மரப் படகில் கோட்டை விட்டேன். கோட்டை விட்டதற்குக் காரணமே அந்தக் கப்பல் அனுபவம்தான்.

படகும் அது கிடந்த இடமும்

எண்பதுகளில் கட்டிய கண்ணாடியிழைப் படகு. நீர்க்கோட்டு நீளம் 8.7 மீட்டர், அகலம் 3.3, நீருக்குள் ஆழம் 1.8. நானும் மச்சினனும் அவனுடைய நண்பர் ஒருவரும் பங்கு போட்டு வாங்கினோம். முதல் இரண்டு வருடம் தெற்குப் பக்கத்து மரினா ஒன்றில் கிடந்தது. செலவு கட்டுப்படியாகாமல் சாங்கிக்குக் கொண்டுவந்து, புலாவ் உபின் தீவுக்கு எதிரே மிதவையில் கட்டினோம். இடம் மாறியதைப் பெரிய விஷயமாக நான் நினைக்கவில்லை. முதல் தப்பு அது.

தெற்குக் கரை நீரும், சாங்கியை ஒட்டி சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் நடுவே கிடக்கும் ஜொகூர் நீரிணை நீரும் ஒன்றல்ல. 1924-இல் ஜொகூர் தரைப்பாலம் கட்டி முடித்ததிலிருந்து நீரிணை நடுவில் அடைபட்டுக் கிடக்கிறது. ஒரு பக்கத்துத் தண்ணீர் மறுபக்கம் போவதில்லை. கிழக்குப் பாதியில் ஜொகூர் ஆறு வந்து கலக்கிறது. ஆற்று வண்டல், இரு கரையிலிருந்தும் வரும் சத்து, மீன் பண்ணைகளின் தீவனக் கழிவு எல்லாம் சேர்ந்து, ஒட்டி வளரும் உயிர்களுக்கு அது விருந்து வீடு. பச்சை ஆளியைப் பண்ணை போட்டு வளர்க்கும் நீர் இது. போதாக்குறைக்கு மத்திய, தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த மைட்டெல்லா என்ற ஆளியினம் 2016-இல் இங்கே கண்டறியப்பட்டு, பண்ணை வலைகளிலும் மிதவைகளிலும் அப்பிக்கொண்டது.

வெப்பத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். குளிர்நாட்டுப் படகுக்காரருக்குக் குளிர்காலத்தில் நான்கைந்து மாதம் நிம்மதி உண்டு. நமக்குக் கடல் வருடம் பூராவும் 27 முதல் 31 டிகிரி. டப்பாவில் "இரண்டு பருவம்" என்று போட்டிருந்தால், அந்தப் பருவம் எந்த ஊர்ப் பருவம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நான் கேட்கவில்லை.

சுரண்டிப் பார்த்ததில்

அழுத்தத் தண்ணீர் அடிப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம் கொடுங்கள் என்று யார்டில் கேட்டு வாங்கினேன். கழுவிவிட்டால் சாட்சி போய்விடும். பட்டித் தகட்டை எடுத்துக்கொண்டு படகைச் சுற்றி வந்தேன்.

எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தோற்றிருந்தால் பெயின்ட் மோசம் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். அப்படி இல்லை. ஏராவின் (படகின் அடிமுதுகு) முன்விளிம்பிலும் நீர்க்கோட்டை ஒட்டியும் நீலம் போய், அடியில் அடையாளத்துக்கு அடித்த சிவப்பு தெரிந்தது. மேற்பூச்சு எங்கே தீர்கிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் முதல் கையை, அதாவது முதல் பூச்சை, வேறு நிறத்தில் அடிப்பது. அங்கே பெயின்ட் தேய்ந்தே போயிருந்தது. இரண்டு பக்கவாட்டிலும் கதை நேர் எதிர். கொட்டலசைத் தகட்டால் நெம்பினால் ஓடு மட்டும் வந்தது. வட்டமான வெள்ளை அடித்தட்டு அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. அதையும் பெயர்த்துப் பார்த்தால் கீழே நீலம் முழுசாக இருந்தது, ஆனால் உயிரற்ற நீலம்: வெளிறி, பச்சை பாய்ந்து, சுண்ணாம்பு போல விரலில் ஒட்டியது. உப்புத்தாளை நனைத்து நாலு இழுப்பு இழுத்ததும் அடியிலிருந்து பளிச்சென்று புது நீலம் வந்தது.

மருந்து உள்ளே பத்திரமாக இருக்கிறது. வெளியே வரத்தான் வழியில்லை.

வலப்பக்கத்தின் பின்பாதியில் மூன்றாவது விதம். அங்கே பூச்சு கொப்புளித்து, நகம் பட்டாலே அப்பளம் போலத் துண்டு துண்டாகக் கழன்றது. இடப்பக்கத்தில் அப்படி ஒரு துண்டுகூட இல்லை. நாலாவது விதத்துக்கு விளக்கமே வேண்டாம்: தாங்கு கட்டைகள் நின்ற ஆறு இடங்களில் ஆறு செவ்வகம், அச்சு வைத்தாற்போல் கொட்டலசு. கட்டையை நகர்த்தி வைத்து அங்கே பூசவே இல்லை.

ஓடாத படகு

பக்கவாட்டை முதலில் எடுத்துக்கொள்கிறேன். படகின் பெரும்பகுதி அதுதான், என் தவறின் பெரும்பகுதியும் அங்கேதான்.

நான் தேர்ந்தெடுத்தது தானே தேயும் வகை, செல்ஃப் பாலிஷிங் என்பது. இதில் செம்பு ஆக்ஸைடு ஓர் அக்ரிலிக் பிசினுக்குள் இருக்கும். கடல்நீர் லேசான காரம். அது பட்டதும் மேல்தோல் பிசின் மெல்ல மாறி நீரில் கரையும் தன்மைக்கு வருகிறது. ஓடும் தண்ணீர் அந்தத் தோலைச் சீவிக்கொண்டு போக, அடியில் புதுப் பரப்பு, புதுச் செம்பு. சோப்புக்கட்டி தேய்வது போல. கப்பல்களில் இது பிரமாதமாக வேலை செய்வதை இருபது வருடமாகப் பார்த்திருக்கிறேன். டாக்கில் ஏறும் கப்பலின் அடி குழந்தையின் கன்னம் மாதிரி இருக்கும்.

அந்தக் கப்பல் வாழ்நாளில் பெரும்பகுதி பன்னிரண்டு, பதினைந்து நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் படகின் பதிவேட்டை எடுத்துக் கூட்டினேன். ஒன்பது மாதத்தில் பத்தொன்பது தடவை வெளியே போயிருக்கிறோம், தடவைக்கு ஐந்து மணி நேரம் என்று வைத்தால் 95 மணி. ஒன்பது மாதம் என்பது 6,552 மணி. நூற்றுக்கு ஒன்றரை பங்குகூட ஓடவில்லை. ஓடினபோதும் ஐந்து நாட்தான். மிதவையில் கிடக்கும்போது ஏற்றவற்றத்தில் நீர் அடியில் நகரத்தான் செய்கிறது. அந்த ஓட்டம் தோலைச் சீவப் போதவில்லை என்பதற்கு உப்புத்தாளில் வந்த நீலமே சாட்சி.

தோல் சீவப்படாமல் நின்றால், மேல்மட்டத்துச் செம்பு கசிந்து தீர்ந்து வெறும் சக்கை தங்குகிறது. ஆழத்துச் செம்பு அந்தச் சக்கையைத் தாண்டி வெளியே வர வேண்டும். இதற்குள் மேலே வழவழப்பு படிந்துவிடும். படகு நீரில் இறங்கிய சில மணியில் பாக்டீரியா ஏறுகிறது, சில நாளில் டையாட்டம் பாசி. அந்தச் சளிப்படலம் விஷத்துக்கும் குடியேற வருகிற லார்வாவுக்கும் நடுவே மெத்தை மாதிரி. கொட்டலசுக் குஞ்சு நடமாடி இடம் பார்த்து, தலைகீழாக நின்று சிமென்ட் சுரந்து ஒட்டிக்கொண்டால் அப்புறம் பெயர்ப்பது நம் பாடு.

செம்பு வேலை செய்ய வேண்டுமானால் அது கரைய வேண்டும். 1761-இல் பிரிட்டிஷ் கடற்படை 'அலாரம்' என்ற போர்க்கப்பலுக்குச் செப்புத் தகடு போர்த்தியது, பாசி குறைந்தது. பிற்பாடு 1824-இல் ஹம்ஃப்ரி டேவி, செம்பு கரைந்து வீணாகிறதே என்று துத்தநாகத்தையும் இரும்பையும் துணைக்கு வைத்து அதைக் காப்பாற்றினார். செம்பு பிழைத்தது, கப்பலில் கொட்டலசு குவிந்தது. என் படகிலும் செம்பு பத்திரமாகத்தான் இருந்தது.

பாக் சிக்கின் தேய்ப்பான்

முன்விளிம்பில் தேய்ந்துபோனதற்குக் காரணம் தேட அதிக தூரம் போகவில்லை. நாலாவது மாதமே வேகம் குறைந்ததால், மாதம் ஒரு தடவை முக்குளிப்பவர் ஒருவரை வரவழைத்தோம். வயதான மலாய்க்காரர், பாக் சிக் என்றுதான் கூப்பிடுவோம். நல்ல உழைப்பாளி. ஆனால் அவர் கையில் இருந்தது சட்டி தேய்க்கும் பச்சைத் தேய்ப்பான். மிருதுவான பெயின்ட்டை அதால் தேய்த்தால், ஒவ்வொரு முறையும் காசைக் கழுவிக் கடலில் விடுவதுதான். அவர் தேய்க்கும்போது தண்ணீரில் நீலப் புகை கிளம்பும். நாங்கள் மேலே நின்று அழுக்கு போகிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம்.

அவரைக் குறை சொல்லவில்லை. எந்த வகைப் பெயின்ட், எதால் துடைக்கலாம் என்று அவரிடம் சொல்ல வேண்டியவன் நான். ஓடாத படகுக்குத் தேயும் பெயின்ட்டை அடித்துவிட்டு, தேய்க்க ஆள் வைத்ததில், தேய வேண்டிய பக்கவாட்டில் சக்கை நின்றது, கைக்கு எட்டும் விளிம்பில் பெயின்ட் காலியானது.

பனித்துளியும் ஐந்து லிட்டரும்

வலப்பக்கத்து உரிதலுக்கு வருவோம். போன தடவை பூசியது வேறொரு யார்டில், பெயர் வேண்டாம். நான் அன்று வேலையை விட்டு வர முடியவில்லை. மச்சினன் போனில் எடுத்த படங்களைத் தேடி எடுத்தான். படகின் முகம் தெற்கே பார்த்திருந்தது. அப்படியானால் வலப்பக்கம் மேற்கு, காலை வெயில் படாத பக்கம். முதல் படத்தின் நேரம் காலை 7.52. பூசிக்கொண்டிருந்தது வலப்பக்கம், பின்பாதியிலிருந்து.

பூசிய தம்பி இராமநாதபுரத்துப் பையன். மச்சினனிடம் அவன் சொன்னதும் நினைவிருந்தது: "காலைலயே அடிச்சு முடிச்சிருவோம்ணே, மத்தியானம் மழை வந்துரும்." அவன் சொன்னது இந்த ஊர் வானத்துக்குச் சரி. பெயின்ட்டுக்குத்தான் சரியில்லை. பரப்பின் வெப்பம் பனிநிலையை (காற்றின் ஈரம் துளியாகப் படியும் வெப்பநிலை) விடக் குறைந்தது 3 டிகிரி மேலே இருக்க வேண்டும், ஈரப்பதம் 85-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. இந்த முறை அதே நேரத்தில் அளந்து பார்த்தேன். காலை ஏழரைக்குக் காற்று 26.1, ஈரப்பதம் 92, பனிநிலை 24.7, நிழல் பக்கத்துப் படகுத்தோல் 25.8. இடைவெளி 1.1 டிகிரிதான். கண்ணுக்கு உலர்ந்தாற்போல் இருக்கும். புறங்கையை வைத்தால் சில்லென்று இருக்கும். பதினொரு மணிக்குக் காற்று 30.4, ஈரப்பதம் 70, பனிநிலை 24.3, தோல் 30.9. இடைவெளி ஆறரைக்கு மேல். அதாவது சிங்கப்பூரில் பூசும் ஜன்னல் பத்தரைக்குத் திறந்து, மேகம் கூடுகிறபோது மூடுகிறது. சில நாள் நாலு மணி நேரம், சில நாள் ஒன்றுமில்லை.

கனத்தைப் பற்றியும் சந்தேகம் இருந்தது. பட்டறையில் காந்தக் கருவியை வைத்தால் மைக்ரான் கணக்கில் எண் வரும். கண்ணாடியிழையில் அதற்கு வேலையில்லை, அடியில் இரும்பு வேண்டும். பழக்க தோஷத்தில் பையில் கொண்டுவந்து, வைத்துப் பார்த்து, யாரும் பார்த்தார்களா என்று திரும்பியும் பார்த்துக்கொண்டேன். அப்புறம் டப்பாக் கணக்குக்குத் திரும்பினேன்.

நீருக்குள் இருக்கும் பரப்பை உத்தேசமாகக் கணிக்க ஒரு வழி உண்டு: அகலத்தையும் ஆழத்தையும் கூட்டி நீர்க்கோட்டு நீளத்தால் பெருக்கி, இந்த மாதிரி நடுத்தர உடல்வாகுக்கு முக்கால் பங்கு எடுப்பது. எங்களுக்கு 33 சதுர மீட்டர். ஒரு கைக்கு உலர்ந்த பின் 50 மைக்ரான் வேண்டும். இந்தப் பெயின்ட்டில் பாதி திடப்பொருள் என்பதால் ஈரமாக 100 மைக்ரான், லிட்டருக்குப் பத்து சதுர மீட்டர். ஒரு கைக்கு 3.3 லிட்டர், ரோலர் குடிப்பதையும் சேர்த்தால் நாலு. இரண்டு கைக்கு எட்டு லிட்டர் போயிருக்க வேண்டும். பில்லில் "இரண்டு கை" என்று இருந்தது. காலியான டப்பா ஒன்றே ஒன்று, ஐந்து லிட்டர். வெயிலில் கெட்டியானதைத் தின்னர் விட்டு இழுத்திருப்பார்கள். நிறம் மூடிவிட்டால் பூசியாகிவிட்டது என்று நினைப்பது சுவருக்குச் சரி. இங்கே கனம்தான் ஆயுள்.

மறுபடி தேர்ந்தெடுத்தது

மச்சினன் மலிவாகக் கிடைத்தது என்று ஒரு பழைய டப்பாவைக் கொண்டுவந்தான். லேபிளில் சைபுட்ரின் என்று இருந்தது. பாசியைக் கொல்லும் இந்தத் துணை மருந்தை 2023 ஜனவரி 1 முதல் கப்பல் அடியில் பூசக் கூடாது என்பது சர்வதேச உடன்படிக்கை ஒன்றின் விதி. டின் கலந்த டிபிடி பெயின்ட்டை 2003 ஜனவரி 1 முதல் புதிதாகப் பூசக் கூடாது என்று நிறுத்தியதும் இதே உடன்படிக்கைதான். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் டிபிடிதான் ராஜா. ஐந்து வருடம் கப்பல் அடி சுத்தமாக இருக்கும். பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைக்க வைத்த ராஜா. டப்பாவை நச்சுக் கழிவில் சேர்க்கச் சொன்னேன்.

சிலிகான் பூச்சைப் பற்றிக் கேட்டார்கள். ஒட்டியது வழுக்கி விழ வேகம் வேண்டும். எங்களிடம் இல்லாதது அதுதான். எபாக்ஸியில் செம்புத்தூள் கலந்து பூசும் வகை பல வருடம் வரும் என்கிறார்கள், நம்புகிறேன். ஆனால் பழையதை வேர் வரை எடுத்து, பல கைகளை ஒரே நாளில் ஈரத்துக்கு மேல் ஈரமாகப் போட வேண்டும். எங்கள் நாலு மணி நேர ஜன்னலில், திறந்த யார்டில், அந்தச் சூதாட்டத்துக்கு நான் தயாராக இல்லை.

இந்த முறை கேள்வியைத் திருப்பிப் போட்டேன். இந்தப் படகு நிற்கும். மாதம் ஒரு தடவையாவது ஆள் இறங்கித் துடைக்கத்தான் போகிறார். அப்படியானால் துடைப்பைத் தாங்கும் பெயின்ட் எது? செம்பு அதிகமுள்ள கெட்டி வகை. அது தானாகத் தேயாது. செம்பு கசிந்து மேலே சக்கை சேரும்போது லேசாகத் துடைத்தால் பரப்பு புதுப்பிக்கும். ஆயுள் குறைவு, வருடத்துக்கு ஒரு தடவை தூக்கியே ஆக வேண்டும், கைமேல் கை ஏறிக் கனம் கூடிக்கொண்டே போகும். எல்லாம் தெரிந்தே எடுத்தோம். அலுமினியப் படகுக்கோ அலுமினியக் காலுள்ள எஞ்சினுக்கோ இந்தச் செம்பு ஆக்ஸைடு ஆகாது, அரித்துவிடும். எங்களுடையது ஷாஃப்ட், வெண்கல விசிறி, பிரச்சினையில்லை. விசிறிக்கு மட்டும் தனியாகச் சிலிகான் பூச்சு.

மெத்தென்ற பெயின்ட் மேல் கெட்டிப் பெயின்ட் நிற்காது. ஆகவே எல்லாவற்றையும் எடுக்க வேண்டியதாயிற்று. நாலு நாள். ஈர உப்புத்தாள்தான், உலரத் தேய்த்தால் செம்புத்தூள் நுரையீரலுக்குப் போகும். முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை, அந்த வெக்கையில். கழுவின தண்ணீர் யார்டின் தொட்டிக்குப் போகும்படி பார்த்துக்கொண்டோம். மூன்றாம் நாள் மச்சினன் தரையில் உட்கார்ந்து, "தொண்டியில தாத்தா வள்ளத்தைக் கரையேத்திக் காயப் போட்டாரு, அவ்வளவுதான். நாம இதுல வந்து மாட்டிக்கிட்டோம்" என்றான். உண்மைதான். நீரில் நிரந்தரமாகக் கிடக்காத படகுக்கு இந்த வியாதியே இல்லை.

எபாக்ஸி தெரிய எடுத்தபின், ஒட்டுக்கு ஒரு கை ப்ரைமர். அதன் மேல் ஒரு கை சிவப்பு, இரண்டு கை கறுப்பு. முன்விளிம்பு, நீர்க்கோடு, சுக்கான் ஆகியவற்றுக்குக் கூடுதலாக ஒன்று. பிப்ரவரிக் கடைசி, மழை ஓய்ந்த வாரம். ஒவ்வொரு நாளும் பத்தரைக்கு முன் டப்பா திறக்கவில்லை. ஈரக்கனத்தை அதை அளக்கும் சீப்பு வைத்துப் பார்த்தோம். காலி டப்பாக்களை எண்ணி வரிசையாக வைத்தேன். தாங்கு கட்டைகளைக் கடைசி நாள் ஒவ்வொன்றாக நகர்த்தி அந்த ஆறு செவ்வகத்துக்கும் எல்லாக் கையும் போட்டோம். மற்ற உலோகம் அரிக்காமல் காக்கும் துத்தநாகக் கட்டியில் பெயின்ட் படாமல் டேப் ஒட்டினோம். அதன் மேல் பூசிவிட்டு, அது வேலை செய்யவில்லை என்று அழுகிறவர்கள் உண்டு. மொத்தப் பில்லில் பெயின்ட் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கிரேனும் யார்டு வாடகையும்தான் தின்றன.

பதின்மூன்று மாதம் கழித்து

பாக் சிக்குக்குப் பழைய கம்பளத் துண்டு ஒன்றை வெட்டிக் கொடுத்தோம். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, வழவழப்பாக இருக்கும்போதே துடைப்பு; கொட்டலசு வரக் காத்திருப்பதில்லை. நவம்பரில் மழையென்று ஆறு வாரம் விட்டுவிட்டோம். அந்த ஆறு வாரத்தில் சுக்கானுக்கும் படகுக்கும் இடையிலுள்ள சந்தில் ஒரு வரிசை ஏறிவிட்டது. மரச்சீவலால் பெயர்த்தார், பூச்சு போகவில்லை.

எஞ்சின் 2,200 சுற்றில், போன முறை தூக்குவதற்கு முந்தைய வாரம் 4.3 நாட் போன படகு, இப்போது 5.8 போகிறது. எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீர் எடுக்கும் துளையில் மட்டும் இன்னும் ஆளிக் குஞ்சு நுழைகிறது. அதற்குள் தூரிகை போகாது. ஒவ்வொரு தடவையும் பாக் சிக் சுட்டுவிரலை விட்டுத் துழாவி, வெளியே வந்து, எத்தனை என்று விரலில் எண்ணிக் காட்டுகிறார். போன வாரம் மூன்று.